கடைமடை வயலின் முளைக்குச்சிகளைப் பிடுங்கி வேறு வயலில் நட்டது குறித்து

அனுப்புநர்:
திருமதி பிலோமினா ரத்தினம்,
(காலஞ்சென்ற சூ. ரத்தினம் அவர்களின் மனைவி)
கீழத்தெரு, கடம்பன்குளம்,
ஆய்க்குடி வழி, தென்காசி தாலுகா.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பயிர்ப் புள்ளிவிவரப் பயிற்சி முகாம்,
குற்றாலம்.

பொருள்: கார் நெல் மாதிரி அறுவடை வேறு வயலில் நடத்தப்பட்டது, முதலில் குறித்த வயலில் நாளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் மறுபடியும் அறுத்து நிறுக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை தங்கள் உதவியாளர் எங்கள் ஊர்ச் சாவடியில் எல்லோர் முன்னிலையிலும் எண் அட்டவணையைத் திறந்து, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் மாதிரி அறுவடைக்கு ஒரு சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்தார். அது குளத்தின் கடைமடையில் உள்ள சொரிமுத்து என்பவரின் வயலுக்கு விழுந்தது. அன்றே அங்கு முளைக்குச்சிகள் அடித்துக் கயிறு கட்டினார்கள். வெளிநாட்டு அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அறுக்கக் கூடாது என்று சொரிமுத்துவுக்கு உத்தரவாயிற்று. அது நல்ல விளைச்சல் அல்ல. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அங்கே தண்ணீர் எட்டவில்லை, பாதிக்குமேல் பதர்.

2. நேற்று புதன்கிழமை காலை மடையை ஒட்டியுள்ள என் சொந்த வயலுக்குச் சென்றேன். அதே முளைக்குச்சிகளும் அதே கயிறும் என் வயலின் நடுவில் இருந்தன. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருகில் நின்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் காரணம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அஞ்சு நாட்டுக்காரங்க வாராங்க ஆச்சி. வீட்டுக்கு வந்தவங்களுக்குப் பழஞ்சோத்தையா போடுவோம்? சொரிமுத்து வயலக் காட்டினா ஊரு மானம் போயிரும். ஒங்க வயலப் பாருங்க, மகாலட்சுமி கணக்கா நிக்குது."

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. என்னைப் பெருமைப்படுத்தியதாகவே அவர் நினைத்திருக்கக் கூடும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

3. சிறிது நேரத்தில் இலங்கை, பர்மா, சயாம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். என் வயலில் கயிற்றுக்குள் இருந்த நெல்லை அறுத்து, அங்கேயே அடித்து, நிறுத்துக் குறித்துக்கொண்டார்கள். கைதட்டலும் நடந்தது. நான் கான்வென்டில் படித்தவள். பர்மா அதிகாரியிடம் ஆங்கிலத்தில், எண் விழுந்த வயல் இதுவல்ல, கடைமடையில் உள்ளது, நடந்தால் கால் மணி நேரம் என்று தெரிவித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, இந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது, வயல்களைக் குழப்பிக்கொள்கிறார் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். தங்கள் உதவியாளரும் அங்கு இருந்தார். திங்கட்கிழமை எண்ணை உரக்கப் படித்த அவர் நேற்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. என் வயல் எது, அயலார் வயல் எது என்று எனக்குத் தெரியும். என் கணவர் இறந்த பிறகு பதினோரு வருடமாக நானே நின்று பயிர் வைக்கிறேன்.

4. ஐயா, இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. கடைமடைக்காரர்கள் தண்ணீர் இல்லாமல் போனதற்காகத் நிலவரியான தீர்வையில் தள்ளுபடி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று நிறுத்த எடை ஊர் விளைச்சல் கணக்காகப் போனால், கடம்பன்குளத்தில் அமோக விளைச்சல் என்றுதான் தாலுகா அலுவலகத்தில் பதிவாகி நிற்கும். சொரிமுத்துவின் பதர் நெல்லுக்கும் முழுத் தீர்வை விழும். அதோடு, ஐந்து நாட்டவரும் வேலையைக் கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் முளைக்குச்சியைப் பிடுங்கி நல்ல வயலில் நடலாம் என்பதையும் பாடமாகக் கொண்டு போக வேண்டுமா?

5. இப்போது அவசரம் என்னவென்றால், சொரிமுத்துவின் வயல் இன்னும் அறுக்கப்படவில்லை. நேற்று மாலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "திங்கக்கெழம அறுக்காதலேன்னாவ. இன்னிக்கு நீ எப்ப வேணும்னாலும் அறுத்துக்கோலேங்காவ. நான் எதக் கேக்க ஆச்சி?" என்றார். அறுத்துவிட்டால் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது என்று விளக்கி, வெள்ளிக்கிழமை மாலைவரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார்.

அவர் மனைவி வள்ளித்தாய் சம்மதிக்கவில்லை. "நெல்லு உதிருது, மேக்க மல கறுத்துக் கெடக்கு. மழகிட்டயும் போயி இங்கிலீசுல சொல்லுங்க ஆச்சி, வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுன்னு" என்று தெருவில் நின்று சொன்னாள். அவள் சொன்னது நியாயம். நேற்றிரவு தூறல் விழுந்தது. இன்று காலை அவர்கள் வயலில் மூன்று வரப்போரங்களில் பயிர் சாய்ந்து கிடக்கிறது. கனத்த மழை ஒன்று பெய்தால் அந்த வீட்டில் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். பொறுக்கச் சொன்னவள் நான். அந்தப் பொறுப்பு என்னுடையது.

6. ஆகையால் நான் கேட்பது:

வெளிநாட்டு அதிகாரிகள் சனிக்கிழமைதான் குற்றாலத்தை விட்டுப் புறப்படுகிறார்கள் என்று அறிகிறேன். அவர்களில் ஒருவரையாவது, பர்மா அதிகாரியானால் மிகவும் நல்லது, தங்கள் உதவியாளருடன் அனுப்பி, சொரிமுத்துவின் வயலில் அதே இடத்தில் கயிறு கட்டி அறுத்து நிறுக்க வேண்டும். முளைக்குச்சி இருந்த குழிகள் இன்னும் மூடவில்லை. என் வயலில் எடுத்த எடையை ரத்து செய்ய வேண்டும். இனிமேல் எந்த ஊரிலும், தீர்வை வசூலிக்கும் அலுவலர் கையில் முளைக்குச்சிகளைக் கொடுக்கலாகாது.

என் வார்த்தையில் சந்தேகம் இருந்தால் சாவடியில் திங்கட்கிழமை கூடியிருந்த யாரையும் விசாரிக்கலாம். இன்ஸ்பெக்டரை எதிரே வைத்துக் கேட்டாலும் நான் வந்து பதில் சொல்வேன்.

7. இம்மனுவைக் கொண்டுவருபவர் சொரிமுத்துதான். பதிலை எழுதி அவர் கையில் கொடுக்கும்படி வேண்டுகிறேன். வருவதாக இருந்தால் வருகிறோம் என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் எழுதினால் போதும். இல்லை என்றாலும் உடனே சொல்லிவிடுங்கள். அவர் திரும்பி ஓடி வந்து அறுக்க வேண்டும். உங்கள் வாசலில் அவர் காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வயலில் கதிர் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு, தங்கள் உடனடி நடவடிக்கையை எதிர்நோக்கும்,

பிலோமினா ரத்தினம்
(கையொப்பம்)

இடம்: கடம்பன்குளம்
நாள்: 20-9-1962, வியாழக்கிழமை காலை