மீன் திரும்பிய பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

டேப்லெட்டில் மறுபடியும் கலர் தள்ளிப்போய்விட்டது. போன மாதமும் இதே தொல்லை. மீன் ஜாடி இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அதை மாட்டியிருக்கிறோம். அதன் கேமரா வழியாகப் பார்த்தால், அந்தப் பழங்கால ஜாடியில் வரைந்து மங்கிப்போன மீனின் மேல் பழைய சிவப்பும் நீலமும் வந்து உட்காரும். திரையில் மீனைத் தட்டினால் நீந்தும். பிள்ளைகள் அதைத் தட்டத்தான் மியூசியத்துக்கே வருகிறார்கள். ஜாடியை யார் பார்க்கிறார்கள்? இன்றைக்குக் கலர் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். "மீனுக்குச் சட்டை சரியாவே போடல"ன்னு ஒரு சிறுமி நியாயம் பேசிவிட்டுப் போனாள். சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து, கலரை நகர்த்தி நகர்த்தி மீன் மேல் பொருத்தினேன்.

சாயங்காலம் அக்கா போன். அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாளாம். "உப்பு ஜாடி வச்ச இடத்துல இல்ல, தானா நகருது." அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நானும் கூட வர வேண்டுமாம்.

ஜூன் 6, வெள்ளி

மீனின் தலை வாசலைப் பார்க்கும்படி வைத்தது நான்தானே? உள்ளே வருகிறவர்களை "வாங்க"ன்னு கூப்பிடுகிற மாதிரி இருக்கட்டும் என்று வைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தால் தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது.

பெட்டிச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. என் கழுத்திலேயே தொங்குகிறது.

காவலரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவரை எல்லோரும் 'மீசை' என்றுதான் கூப்பிடுவோம், மீசையே கிடையாது. "யாரு மேடம் தொடப் போறா? சாவி உங்ககிட்ட. நீங்களே திருப்பி வச்சுட்டு மறந்திருப்பீங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 7, சனி

பயமா இருக்கு.

ஜூன் 11, புதன்

அம்மாவுக்கு இப்படித்தானே ஆரம்பித்தது? முதலில் ஒரு சாமான் நகரும். அப்புறம்?

அக்கா எப்போதும் சொல்வாள் — நீ அப்படியே அம்மா ஜாடை, மூக்கு முழி உட்பட. மூக்கோடு நின்றுவிடக் கூடாதா கடவுளே.

பஸ்ஸில் எனக்குத் தெரிந்த போன் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கலர் மறுபடி தள்ளிப்போயிருந்தது. மறுபடி பொருத்தினேன். பாதி நாள் அதற்கே போயிற்று. இயக்குநர் மேடத்திடம் சொல்லலாமா? சொன்னால் முதலில் சாவியை வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? எனக்கு இன்னும் அம்பதுகூட ஆகலையே... அம்மாவை நாங்க பார்த்துக்கிறோம். என்னை யாரு பார்ப்பா?

ஜூன் 17, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வரும்.

டேப்லெட்டில் எடுத்த தன் படத்தை அனுப்பச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். பார்க்கிறவர்கள் ஜாடியைக் கலரோடு படம் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் என் கம்ப்யூட்டரில் சேரும். அவர் படத்தைத் தேடிப் பழசிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். ஜாடிக்குப் பின்னால் சுவரில் ஒரு விரிசல் உண்டு. முதல் படங்களில் விரிசல் ஜாடிக்கு இந்தப் பக்கம் தெரிகிறது. அப்புறம் ஜாடி அதை மறைக்கிறது. கடைசிப் படங்களில் அந்தப் பக்கம் தெரிகிறது.

கலர் நகரவே இல்லை. ஜாடிதான் நகர்ந்திருக்கிறது! நடந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் இருந்திருக்கிறது. நான் மடச்சி, ஒவ்வொரு தடவையும் கலரைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போயிருக்கிறேன்.

பழைய கல்தரை, துளை போடக் கூடாது. அதனால் டேப்லெட்டைப் பெட்டிச் சட்டத்திலேயே திருகியிருந்தோம். பிள்ளைகள் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அதிர்வாக உள்ளே ஜாடி நிற்கிற கண்ணாடித் தட்டுக்குப் போகும். ஜாடிக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று இருந்தது. "திரையில கருப்பா அசிங்கமா தெரியுது, எடுத்துடுங்க" என்றார் இயக்குநர். நான்தான் உருவினேன்.

கீழே ஓடினேன். ஒரு பள்ளிக்கூடமே வந்திருக்கிறது. ஜாடியின் அடிப்பாகம் கண்ணாடித் தட்டின் விளிம்பைத் தாண்டி லேசாக வெளியே நிற்கிறது. ஐயோ என்று டேப்லெட்டை நிறுத்தினேன். திரை அணைந்ததும் பிள்ளைகள் சும்மா இருந்தார்களா? வேலை செய்யவில்லை என்று இன்னும் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள்.

"கையை எடுங்க! எல்லாரும் கையை எடுங்க!" — அது என் குரலா என்றே தெரியவில்லை. ஒரு குழந்தை அழுதது.

இயக்குநர் ஓடி வந்தார். "பசங்ககிட்ட இப்படியா கத்துவீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"மேடம், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றேன்.

குனிந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னார். எனக்குச் சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்கிறது. மீசைதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் ஜாடியை எடுத்து, விரிப்பு போட்ட மேஜையில் வைத்தேன். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல... எனக்கு ஒண்ணுமில்ல..."

"ஜாடிக்கும் ஒண்ணுமில்ல, எழுந்திருங்க" என்றார் இயக்குநர், பாவம்.

ஜூன் 20, வெள்ளி

டேப்லெட்டுக்குத் தனிக் கால் வந்துவிட்டது. பெட்டியைத் தொடாமல் தள்ளி நிற்கிறது. மீன் மறுபடியும் வாசலைப் பார்க்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே அம்மா வீட்டுக்குப் போனேன், அக்காவும் இருந்தாள். உப்பு ஜாடி இருக்கும் பலகை எங்கே, அதன் சுவருக்குப் பின்னால் என்ன? வாஷிங் மெஷின். போன வருஷம் அக்கா வாங்கிக் கொடுத்தது.

"அதைப் போடுக்கா."

"துணியே இல்லையேடி."

"எதையாவது போடு, உன் புடவையைப் போடு."

மூன்று பேரும் உப்பு ஜாடி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், ஒரே டாக்டரிடம் இரண்டு பேருக்கு நேரம் வாங்கிவிடுவாள் போலிருந்தது. மெஷின் துணியைப் பிழியச் சுற்ற ஆரம்பித்ததும் பலகை அதிர்ந்தது. ஜாடி மெள்ள, மெள்ள நகர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா துள்ளிக் குதிப்பாள், எங்களை வாங்கு வாங்கென்று வாங்குவாள் என்று நினைத்தேன். அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?"

அக்கா கண்ணால் சிங்க்கைக் காட்டினாள். சிங்க்கில் அடி கருகிய பாத்திரம் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. நேற்றும் ஒன்று கருகியதாம்.

"டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்மா. நானும் வரேன். உப்பு ஜாடி விஷயத்துல நீ சொன்னதுதான் சரின்னு நானே அவர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

பையில் பழைய ரப்பர் விரிப்பின் மிச்சத் துண்டு இருந்தது. வட்டமாகக் கத்தரித்து ஜாடிக்கு அடியில் வைத்தேன். அம்மா விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இனிமே நகராதுல்ல?"

"நகராதும்மா."

தலையை ஆட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கருகிய பாத்திரத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏண்டி, இந்த உப்பு ஜாடி தானா நகருது, பாத்தியா?"