உன் மகள் என்ன படிக்கிறாள்

பிப்ரவரி 6

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் ரேடியோ எழுதுவது. நலம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் காகிதம் வெட்டப் புது இயந்திரம் வாங்கியிருக்கிறார். பழையதைவிடச் சத்தம் குறைவு என்று நான் சொன்னால், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். போனில் பேசலாம் என்றால் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. நமக்குக் கடிதமே மேல்.

விஷயம் என் மகள் சின்னவளைப் பற்றி. உன் ஊரில் படிக்கிறாள், சனிக்கிழமை தவறாமல் உன் நூலகத்துக்கு வருகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த நிம்மதி போய்விட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நான் நுழைந்ததும் தலையணைக்கடியில் தள்ளிவிட்டாள். "என்னடி அது?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, காலேஜ் புக்கு" என்றாள். ஓரத்தில் உங்கள் நூலக முத்திரை இருந்தது. பேச்சும் சரியில்லை. எதைக் கேட்டாலும் முணுமுணுக்கிறாள். திரும்பக் கேட்டால், "விடும்மா."

காதலா? படிப்பை விடப்போகிறாளா? உடம்புக்கு ஏதாவதா? உன் கணினியில் தட்டினால் ஒரு நிமிஷ வேலை. என்னென்ன எடுத்தாள் என்று எழுதி அனுப்பு. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன்
ரேடியோ


பிப்ரவரி 13

என் ரேடியோவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதிக் களைப்பு போய்விட்டது. இன்று காலை புத்தகம் கேட்டு வந்தவர்கள் நான்கு பேர். இணையத்தில் படிவம் நிரப்ப வந்தவர்கள் பதினேழு பேர். ஒரு பெரியவர் தன் ரகசியக் கடவுச்சொல்லை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, என்னைத் தட்டச்சு செய்யச் சொல்கிறார். உதவியாளர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நூலகரும் நான், கதவு திறப்பவளும் நான், அச்சுப்பொறியில் சிக்கிய காகிதத்தை உருவுகிறவளும் நான். ஆனாலும் ஒன்று சொல்லவா? மாலையில் கதவைச் சாத்தும்போது மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

இப்போது நீ கேட்டது. சொல்ல மாட்டேன். கணினியில் பார்க்கவும் மாட்டேன்.

போன வாரம் ஒருவர் வந்து, "என் பொண்டாட்டி என்ன புக்கு எடுக்கிறா, கொஞ்சம் சொல்லுங்க" என்றார். "அவங்ககிட்டயே கேளுங்க" என்று அனுப்பிவிட்டேன். உனக்குச் சொன்னால், நாளைக்கு அவரை எந்த முகத்தோடு மறுப்பேன்? தலைமை அலுவலகமே இப்போது 'குடும்பச் சாளரம்' என்று ஒன்று கொண்டுவருகிறது. ஒரு வீட்டில் யார் என்ன எடுத்தாலும் அந்த வீட்டுப் பெரியவர் தன் போனில் பார்த்துக்கொள்ளலாமாம். கூடாது என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினாய் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். வாசலில் என்னிடம் வம்பளக்கிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள். இது என் கண்ணால் பார்த்தது. மற்றதை அவளிடமே கேளேன்.

அன்புடன்
குண்டூசி


பிப்ரவரி 20

மதிப்புக்குரிய நூலகர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கத்துக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டேன். உங்கள் பிரசவத்தின்போது மருத்துவமனை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் எந்த விதியையும் புரட்டிப் பார்க்கவில்லை.

குடும்பச் சாளரத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டேன். அடுத்த மாதம் திறந்துவிடுமாம். நல்ல திட்டம் என்று உங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஆதரவுக் கடிதமும் போட்டுவிட்டேன். நீங்கள் சொல்லாததை அது சொல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகியின் தாய்


மார்ச் 2

ரேடியோ,

திட்டு. ஆனால் 'நீங்கள்' போட்டுத் திட்டாதே, தாங்கவில்லை.

அந்த இரண்டு நாளையும் நான் மறக்கவில்லை. அதற்கு ஈடாக என் வீட்டுச் சாவியைக் கேள், தருகிறேன். நீ கேட்பது என்னுடையது இல்லையே, எடுத்துக் கொடுக்க. உன் மகளிடமும் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதமும் உன்னுடையதுதானே.

வியாழக்கிழமை என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அங்கே வாசகர் யாரும் வர மாட்டார்கள். பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

குண்டூசி


மார்ச் 28

என் குண்டூசிக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் சாளரத்தில் பதிந்த தகவல் சின்னவளின் போனுக்குப் போயிருக்கிறது. அந்த வாரக் கடைசியிலேயே பையோடு வந்து நின்றாள். நேரே அச்சகத்துக்குள் வந்து, அப்பாவிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மூன்று புத்தகங்களை மேசைமேல் வைத்தாள். மூன்றும் காது கேளாமையைப் பற்றி. எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. "உனக்கா கண்ணு?" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்: "எனக்கில்லம்மா. உனக்கு. நான் முணுமுணுக்கவே இல்ல, உனக்குத்தான் கேக்கல. இருபது வருஷமா மெஷின் பக்கத்துலயே நிக்கிற. அப்பா ஒரு தடவ இதச் சொன்னதுக்கு மூணு நாள் அவரோட பேசாம இருந்த. உனக்கு வலிக்காம எப்படிச் சொல்றதுன்னு தேடிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீ என்னை வேவு பாக்கக் கிளம்பிட்ட."

வீட்டுக்காரர் காகிதம் எண்ணுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு பசித்தது. மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மருத்துவர் பார்த்துவிட்டார். இடது காதில் கருவி வைத்தாயிற்று. தாள் புரளும் சத்தமே இடி மாதிரி இருக்கிறது. அந்தப் புது இயந்திரம் என்ன கத்துக் கத்துகிறதடி!

நீ பட்டியல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். அவளுக்குத்தான் கோளாறு என்று ஊரைக் கூட்டியிருப்பேன். இல்லையென்றால், எனக்குத்தான் என்று புரிந்து, அவமானத்தில் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். கையைப் பிடித்துச் சொல்ல அவளுக்கு வழியே இருந்திருக்காது.

உன் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். ஆதரவு தெரிவித்தவளும் நானே, அதைத் திரும்பப் பெறுகிறவளும் நானே என்று. என் காது சமாச்சாரத்தையும் ஒளிக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக் கை வரவில்லை. கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள். கிடங்குக்கு மாற்றிவிட்டார்களா? உடனே எழுது.

உன்
ரேடியோ


ஏப்ரல் 15

என் ரேடியோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே படிவக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும்.

விசாரணையை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். அதனால் உன் மூன்று பக்கமும் கோப்பில் ஏறிவிட்டது. அதிகாரி அதை ஒரு வரி விடாமல் படித்தார். "இவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்றார். "என்மேல கோவிச்சுக்கிட்ட ஃப்ரெண்டுங்க" என்றேன். அவருக்கும் கல்லூரி போகும் மகள் இருக்கிறாளாம். முதல் பக்கத்துக்குத் திருப்பி மறுபடியும் படித்தார்.

பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் எடுப்பதைச் சாளரத்தில் காட்டக் கூடாது என்று முடிவாகிவிட்டது. சிறியவர்கள் விஷயத்தில் இன்னும் மல்லுக்கட்ட வேண்டும். 'இனிக் கருத்துத் தெரிவிக்கையில் நிதானம் தேவை' என்று எனக்கு ஓர் அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். இடமாற்றம் இல்லை. உதவியாளரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரத்தை வேறு பாதியாக வெட்டிவிட்டார்கள். ஆனாலும் என் மேசையில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அது போதும்.

சின்னவள் போன சனிக்கிழமை வந்தாள். "அம்மா எழுதுனாங்களா ஆன்ட்டி?" என்றாள். "எனக்கு வர்ற கடுதாசியப் பத்தியெல்லாம் வெளிய சொல்றதில்ல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்புடன்
குண்டூசி


ஏப்ரல் 22

குண்டூசி,

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை உன் ஊருக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்கும் உறுப்பினர் அட்டை கொடுப்பீர்களா? கொடுப்பதானால் என் பெயரில் ஒன்று போட்டு வை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு அச்சடித்தே காலம் போய்விட்டது. இனி நானும் கொஞ்சம் படிக்கலாம் என்று இருக்கிறேன்.

என்ன புத்தகம் என்று அங்கே வந்து உன் காதில் மட்டும் சொல்கிறேன். என் மகள் கேட்டால் சொல்லிவிடாதே.

உன்
ரேடியோ