ஏழாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
பெப்ரவரி 24

அன்புள்ள ரதீசனுக்கு,

என் கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு, அவருடைய மாணவன் என்ற முறையில் நீர் தயாரிக்கும் நினைவு மலரின் அச்சுப்படி கிடைத்தது. எழுத்துப் பிழைகள் ஒன்பது. திருத்தியிருக்கிறேன். ஏழாம் பக்கத்தை இப்படியே அச்சிட வேண்டாம்.

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அழவில்லை. வந்தவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்கலாம்.

அந்தப் பக்கத்தில், உமது சேர் எங்கள் பேஸ்மென்டில் மியூவான் மூலம் அணு இணைவைக் கண்டார் என்று எழுதியிருக்கிறீர். அவர் எனக்கு விளக்கியது இது: வானத்திலிருந்து ஓயாமல் விழும் மியூவான் துகள் கன ஐதரசன் கொண்ட கனநீரில் நின்றால், அதன் இரண்டு கருக்களை நெருக்கி ஒன்றாக்கக்கூடும். அப்போது வெளிப்படும் கதிர்வீச்சைக் கருவி எண்ணும். சாதாரண தண்ணீருக்கு மணிக்கு 212. கனநீருக்கு 236. அந்த இருபத்துநான்கைச் சொல்லத்தான் உமக்குத் தொலைபேசி எடுத்தார்.

கனநீரை ஊற்றியது ஜனவரி 15. எண்ணிக்கை ஏறியது 17. இடையில், கருவி நிலைப்பட நேரம் எடுத்தது என்று குறித்திருக்கிறார். அவருடைய குறிப்பேட்டை உமக்காகப் பிரதி எடுத்தபோது எனக்கு அது பொருந்தவில்லை. பதினேழாம் திகதி சனிக்கிழமை. அவருடைய இரத்த அழுத்தத்துக்கென்று, சாதாரண உப்புக்குப் பதிலாக நான் வாங்கும் பொட்டாசிய உப்பு மலிவாகக் கிடைத்தது. பன்னிரண்டு பைகளைக் கருவிக்குப் பின்னாலுள்ள தட்டில் அடுக்கித் துணியால் மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த உப்பைக் கண்டாலே முகம் சுளிப்பார். பொட்டாசியத்துக்கு இயல்பாகவே சிறிய கதிர்வீச்சு உண்டென்பது அவர் முப்பது வருடம் படிப்பித்த பாடம். கருவி அதையும் சேர்த்தே எண்ணும்.

பைகளை மேலே கொண்டுவந்து ஒரு நாள் விட்டேன்: 213. திரும்ப வைத்தேன்: 235. கொன்வென்ட் பள்ளியில் பழக்கியபடி மூன்று தரம் செய்தேன். கனநீரைத் தொடவில்லை.

கர்க்லாண்டிலிருந்து வந்த மகள் தாட்சாயினி, "அம்மா, இது ஆருக்கு விளங்கப் போகுது? அப்பா சந்தோசமாத்தானே போனவர், விடுங்கோ" என்றாள். சந்தோசமாகப் போனது உண்மை. ஆனால் பிழையான எண்ணுக்குக் கீழே அவர் பெயர் நிற்க நான் விடமாட்டேன். மலர் இருநூறு மாணவர்கள் கைக்குப் போகும். ஒருவராவது செய்து பார்ப்பார்.

அவருடைய எண்கள், என்னுடைய எண்கள் என்று இரண்டு அட்டவணைகளையும் அச்சிட்டு, இணைவு காணப்படவில்லை என்று ஒரு வரி போடும். உப்பை வைத்தது யாரென்பதை என் முழுப் பெயருடன் போடும். அது அவர் விட்ட பிழையல்ல.

நீரும் உமது மனைவி ஆர்த்திகாவும் அன்றன்று செய்வதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, நெடுநாள் ஒன்றாக இருக்க வேண்டும். அதைத்தான் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உமது நலம் விரும்பும்,
புஷ்பராணி ஆனந்தராசா