துண்டு இடுக்கிய கை

உங்கள் சட்டைகளை வெயிலில் போடலாம் என்று காலையில் அலமாரியைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு எத்தனை முறை துவைத்தும் வலது தோளில் தைல வாசனை போகவில்லை. எடுத்ததை அப்படியே வைத்துவிட்டேன்.

பீங்கான் சூளையில் பலகை பலகையாகக் கப்பும் பொம்மையும் ஏற்றி இறக்கிய தோள். ஒரு நாள் டேபிள் டென்னிஸ் மட்டையைத் தூக்க முடியாமல் போனது. ஆட்டத்தையே விட்டுவிடச் சொன்னார் டாக்டர். வேலை முடிந்ததும் ஆடுவதற்கு யூனிட் ஹாலுக்கு ஓடுகிற நீங்கள், சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனுக்குப் பிராது எழுதிக் கட்டினேன், கேட்டது நடந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிற மனு: “என் வீட்டுக்காரர் மறுபடி ஆட வேண்டும்.”

கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டீர்கள். “தோள்வலி போவணும்னு எழுத வேணாமா? கொத்தமல்லிக்குக் கூட கணக்கு வைக்கிறவ, சாமிகிட்ட போயி கோட்டை வுட்டுட்டியே!”

எழுதியாயிற்று, ஆட வைத்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையின் நடுவே சப்பாத்திப் பலகையை வலையாக நிறுத்திப் பந்தைத் தட்டிப் போட்டேன். முழங்கை விலாவை விட்டு விலகும்போதுதான் உங்கள் முகம் சுளித்தது. துண்டை மடித்து அக்குளில் செருகினேன். “துண்டு வுழுந்தா பாயிண்டு எனக்கு.”

முதலில் எல்லாப் பாயிண்டும் எனக்குத்தான். “முருகன் உன் கட்சி” என்று முறைத்தீர்கள். மெல்ல மெல்ல, தள்ளி நின்று வீசி அடிப்பதை விட்டு மேசையை ஒட்டி நின்றீர்கள். பந்து எழும்பும்போதே மணிக்கட்டால் தடுத்துத் திருப்பினீர்கள். “அவன் வேகத்தையே அவனுக்குக் குடுத்துட்டா, எனக்கெதுக்கு வேகம்?”

ஆயுதபூஜைப் போட்டியில் எதிரே பெண்ணாடத்துக்காரர், நீளக் கை. “அண்ணே, அக்குள்ள என்ன, போனஸ் பணமா?” ஹாலே சிரித்தது.

“பொண்டாட்டி வெச்ச துண்டு தம்பி” என்று சொல்லி, அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு ஆடினீர்கள். துண்டு இன்னும் இருப்பதுபோலவே முழங்கை அசையவில்லை. அவர் ஓங்கி ஓங்கி அடித்தார். அடித்ததெல்லாம் அவர் எட்ட முடியாத மூலைக்கே திரும்பியது. தோற்றவர் நேராக என்னிடம் வந்தார்: “அக்கா, துண்டு எந்தக் கடையில வாங்குனீங்க?” அன்று என் கழுத்து இறங்கவே இல்லை.

மறுநாளும் வலி இருந்தது. தைலம் தேய்த்தபடி நீங்களாகவே சொன்னீர்கள்: “கெளம்பு. பிராதைத் திரும்ப வாங்கிக்கிட்டு வந்துடலாம்.”

“வலி போவலியேங்க?”

“கேட்டதைக் குடுத்துட்டாரில்ல. முடிஞ்ச வழக்கை எதுக்கு இழுக்கணும்?”

வேண்டுதல் நிறைவேறியவர்கள் வரிசையில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள் ஒருவர்தான்.

இப்போது எனக்கு முட்டி. “வலி போவணும்னு வேண்டிக்கிட்டீங்களா அத்தை?” என்று நம் மருமகள் கேட்டாள்.

“இல்லம்மா. பெரியகோயில் பிரகாரம் சுத்தணும்னு வேண்டிக்கிட்டேன்.”

சாயங்காலம், சுவரோரமாக, சின்னச் சின்ன அடி வைத்து, பிரகாரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன்.