ஈசானி மூலையில் நின்ற மாமரம்

இன்று மாலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டு வாங்கினேன். வாயில் வைத்ததும் பல் கூசியது. "இன்னாம்மா, இப்டிப் புளிக்குது?" என்றேன்.

"ஹெல்மெட்காரர் வெச்ச மரம்ணே, அப்டித்தான் இருக்கும்," என்றாள் விற்கிறவள். பிறகு உன் கதையை, உன் சிநேகிதன் எனக்கே சொல்ல ஆரம்பித்தாள். "ரயில்ல போய்க்கினே கொட்டய வீசுவாராம். வுழுந்த எடமெல்லாம் மொளச்சிடுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைச் சித்தராக்கிவிட்டார்கள். ஒரே ஷிப்டில் உன்னோடு இரும்பு உருக்கிய எனக்கல்லவா தெரியும், நட்டதில் ஒன்று பிழைத்தாலே நீ எப்படிக் குதிப்பாய் என்று. ஜூஸ் கடைக்காரர் வீசிய மாங்கொட்டைகளை மஞ்சள் ஹெல்மெட்டில் அள்ளிவந்து கம்பெனிக் குழாயில் கழுவுவாய். சூப்பர்வைசர் கத்துவார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு திருநின்றவூர் போய், விற்காமல் கிடக்கும் மனைகளில் எல்லைக் கல்லோரமாகப் புதைப்பாய்.

"மனை வாங்குறவன் மொதல்ல இதத்தாண்டா வெட்டுவான்," என்று கிண்டல் செய்வேன்.

"வர்றவங்களுக்கு நெழலு வோணாமாடா?" என்பாய்.

அந்த மனைகளில் ஒன்றை நானே வாங்கினேன். ஈசானி மூலையில் உன் மரம் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டி அங்கேதான் வரணும் என்றார் மேஸ்திரி. வெட்டச் சொன்னேன்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவன் நேராக அந்த மூலைக்குத்தான் போனாய். "கரையான் தின்னுடுச்சுடா," என்றேன். தொட்டியின் சிமெண்ட் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி வுடு," என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாய். வெட்கத்தில் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு வருவதை நிறுத்திவிட்டேன். என்றைக்காவது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

மாங்காய்க்காரி கதையை இன்னும் முடிக்கவில்லை. "கடேசில எங்க நட்டாலும் ரெண்டு கொட்டையா நடுவாராம்ணே. ஏன்னு கேட்டா, ஒண்ணு கரையானுக்குன்னு சொல்லுவாராம்."

அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினாயா, இல்லை எல்லாம் தெரிந்துதான் எனக்கென்று ஒரு கொட்டை ஒதுக்கினாயா? இனி யாரைக் கேட்பேன்?

கரையானெல்லாம் ஒன்றுமில்லைடா. நான்தான் வெட்டினேன்.