ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக் கல்

லாக்கின்வர்,
11 பிப்ரவரி 2019

அன்புள்ள எஃபி,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கியதற்கு வாழ்த்துகள். நீ எடுத்த படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, டூகல் தன் கடையில் ரொட்டி அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். "இஷ்பெல், சூல்வன் மலைய உன் தங்கச்சி எப்படிப் புடிச்சிருக்கா பாத்தியா? நீயுந்தான் முப்பது வருஷமா போயிட்டு வர்ற" என்கிறார். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆமாம், வயிறு எரிகிறது. என் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தவள் நீ. நீ கேமரா வாங்கி ஆறு வருடம்தான் ஆகிறது. மலையடிவாரத்து அந்த ஏரிக்கரையில் வெளிச்சத்துக்குக் காத்திருந்தே என் முட்டி போயிற்று. உனக்கோ உச்சியில் பனி, அதன்மேல் இளவெயில், அசையாத தண்ணீர், எல்லாம் ஒரே காலையில்.

ஒன்று கேட்க வேண்டும். படத்தில் முன்னால் கிடக்கும் வெள்ளைக் கல் எங்கிருந்து வந்தது? அந்தக் கரையில் அப்படிப்பட்ட கல் கிடையாது.

கொடுத்த வாழ்த்தைத் திரும்பக் கேட்காத
இஷ்பெல் அக்கா


இன்வர்னெஸ்,
16 பிப்ரவரி

அன்பு அக்கா,

வெறும் வாழ்த்து மட்டும் வந்திருந்தால் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்திருப்பேன்.

மார்ச் முப்பதாம் தேதி எடின்பரோவில் கண்காட்சி. என் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டுகிறார்கள். ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக என் பெயர் ஒரு சுவரில் வரப்போகிறது. நீ பக்கத்தில் நிற்க வேண்டும். பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா.

கல் அங்கேயேதான் கிடந்தது. நான் விரலால்கூடத் தொடவில்லை. மீதியை நேரில் சொல்கிறேன், சிரிப்பாய்.

உன் எஃபி


லாக்கின்வர்,
22 பிப்ரவரி

எஃபி,

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. நான் அங்கே எடுத்த பழைய ஃபிலிம் ஸ்லைடுகளைத் தேடி எடுத்தேன். அதே கரை, அதே கோணம். 1989, 91, 94. ஒன்றிலும் அந்தக் கல் இல்லை. அவ்வளவு பெரிய கல் தானாக நடந்து வராது. படம் அமைய வேண்டுமென்று நீதான் கொண்டுபோய் வைத்திருக்கிறாய்.

நீ ஜெயித்தது 'மனிதக் கை படாத நிலம்' என்ற பிரிவில். மனிதர் வைத்த எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. ஸ்லைடுகளின் நகலோடு போட்டிக் குழுவுக்கு எழுதி, நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இஷ்பெல்


இன்வர்னெஸ்,
9 மார்ச்

அக்கா,

அந்தக் கல்லை வைத்தது நீ.

1996 அக்டோபர். படத்தின் முன்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று மூன்று நாள் புலம்பினாய். பிறகு அக்மெல்விக் கடற்கரையிலிருந்து அதை என் சால்வையில் சுற்றி, முதுகுப் பையில் போட்டு, நாலு மைல் சுமந்தாய். "கொஞ்சம் இடது பக்கம், இல்ல, இன்னும்" என்று நீ சொல்லச் சொல்ல உருட்டியவள் நான். உடனே மழை பிடித்துக்கொண்டது. ஒரு படம்கூட எடுக்காமல், ஏரியைத் திட்டிக்கொண்டே இறங்கினாய். அதற்குப் பிறகு நீ வடகரைக்கு மாறிவிட்டாய். கல் அங்கேயே கிடந்து, அதன் ஓரமெல்லாம் பாசி பிடித்துவிட்டது. விதி அதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குழுவிலிருந்து போன் வந்தது. மனிதர் வைத்த கல்லா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். யார் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டில் ஒருவர் என்று மட்டும் சொன்னேன். பரிசு இரண்டாமவருக்குப் போகிறது. பச்சைக் கோட்டுக்கு வேலையில்லை.

ஒன்றை உன்னிடம் மறைத்திருந்தேன். அந்தக் கல் இல்லாமல் அந்த இடத்தை எடுக்க ஐந்து வருடம் முயன்றேன். ஒரு படமும் சரியாக அமையவில்லை. ஆறாம் வருடம் தோற்றுப்போய்க் கல்லைப் படத்துக்குள் விட்டேன். அதை அங்கே வைக்கத் தெரிந்த உன்மேல் எனக்கும் பொறாமை உண்டு அக்கா. நான் அதை யாருக்கும் தபாலில் அனுப்பவில்லை.

எஃபி


லாக்கின்வர்,
2 ஏப்ரல்

எஃபிம்மா,

உன் கடிதத்தைப் படித்ததும் அந்த நாலு மைலும் ஞாபகம் வந்துவிட்டது. எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அந்தப் படம் உன்னுடையதாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் குழுவுக்குப் புகார் எழுதியபோது என் மனதில் இருந்தது.

கல்லை வைத்தவள் நான்தான் என்று குழுவுக்கு எழுதினேன். யார் வைத்தாலும் விதி ஒன்றுதான் என்று பதில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் படித்தபோது உள்ளே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் வெகு நேரம் என்னை எனக்கே பிடிக்கவில்லை. நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பரிசு கைமாறிய செய்தி தெரிந்து டூகல் உன் படத்தைக் கழற்றப் போனார். அங்கேயே இருக்கட்டும் என்றேன். இன்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் கல்லுதாங்க படமே. யாரோ பாத்துப் பாத்து வச்ச மாதிரி கெடக்கு" என்றார். டூகல் என்னைப் பார்த்தார்.

"என் தங்கச்சி எடுத்த படம்" என்று மட்டும் சொன்னேன்.

இஷ்பெல்