காஸ்டிங் வோட்டு இல்லாத கம்பெனி

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறியதும் யாருடைய பையிலிருந்தோ வறுத்த முந்திரி வாசம் வந்தது. உடனே உன்னைத்தான் தேடினேன். நீ இல்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன, என் கண்ணுக்கு அது இன்னும் புரியவில்லை.

தோழிகள் நாம் இருவரும் முந்திரிக் கம்பெனி தொடங்கிய 2005-இல் ஆடிட்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "ஆர்ட்டிக்கிள்ஸ்ங்கிறது உங்க கம்பெனிக்கு நீங்களே போட்டுக்கிற விதிம்மா. கம்பெனி சட்டத்துக்கு எதிரா இல்லன்னா எதை வேணாலும் எழுதிக்கலாம்." அவர் காட்டிய மாதிரியில், வாக்கு சமமானால் சேர்மனுக்கு இன்னொரு வாக்கு உண்டு. அதை நீ அடிக்கச் சொன்னாய். "இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்திக்கு ரெண்டு வோட்டுன்னா இன்னொருத்தி எதுக்கு சார்?"

பதிலுக்கு நீ சொன்ன விதியைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். வாக்கு சமமானால் இருவரும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரே சீட்டில் பஸ்ஸில் போக வேண்டும். இறங்கிய பிறகுதான் மறுவாக்கு. சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுத்தார்.

போன வருடப் புயலில் தோப்புகள் சாய்ந்ததும், கம்பெனியை மூடிவிடலாம் என்றேன். நீ முடியாது என்றாய். விதிப்படி பஸ் ஏறினோம். வழக்கம்போல என்னை ஜன்னல் ஓரம் தள்ளினாய். "காத்து வாங்குடி, கோவம் ஆறட்டும்." புதுச்சத்திரம் வரை நான் வாய் திறக்கவில்லை. அங்கேதான் நீ ஆரம்பித்தாய். "மரந்தான வுழுந்துச்சு? ஒடைக்கிற பொம்பளைங்க கை நல்லாத்தான இருக்கு? வெளியூர்க் கொட்டை வாங்கி ஒடைப்போம்." எனக்குப் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் உன்னிடம் சொன்னேன். சிதம்பரத்தில் இறங்கி உன் பக்கம் வாக்களித்தேன்.

இப்போது கம்பெனியில் உன் இடத்தில் உன் மகள் இயக்குநர். உடைக்க மெஷின் வேண்டும் என்கிறாள். அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. "சேர்மன் நீங்கதான், உங்களுக்கு காஸ்டிங் வோட்டுன்னு விதியை மாத்திட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும் மேடம்," என்றார் ஆடிட்டர். "மாத்திக்குங்க பெரியம்மா, கையெழுத்து போடறேன்," என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தை ஜெயித்து நான் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ஜன்னல் ஓரம் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சத்திரம் வரை பேசமாட்டாள். காத்திருக்கிறேன்.